சொந்த ஆட்கள் என்பதற்காக கான்கிரீட் அவசரப்படாது
கொத்தனார், ஒயரிங் வேலை செய்பவர் என எல்லாருமே சொந்த ஆட்களாக இருக்கும் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் செங்கோட்டையில் வீடு பாதி நாளில், பாதிச் செலவில் முடியும் என்று சொல்வது சரியன்று. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456:2000 விதிப்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டில் வார்த்த தளத்துக்குத் தாங்கல்களின் இடைவெளி 4.5 மீட்டரைத் தாண்டினால், கீழே தாங்கி நிற்கும் முட்டுகளைப் பொதுவாக 14 நாள்களுக்கு முன் எடுக்கக் கூடாது. யாருடைய ஆட்கள் வார்த்தார்கள் என்பதை கான்கிரீட் பார்ப்பதில்லை. சொந்த ஆட்களால் மிச்சமாவது, கம்பி கட்டி முடித்தபின் ஒயரிங் குழாய் பதிப்பவருக்காகக் காத்திருந்து வீணாகும் நாள்கள்தாம். ஆனி, ஆடிச் சாரலில் வெளிப்பூச்சு நின்றால் அதே ஆட்களை உள்வேலைக்குத் திருப்பலாம். எல்லை தாண்டி, கேரளத்தின் ஆரியங்காவுக்கு அப்பால் கூலி கூடுதல் என்பதால் கொத்தனார் பாதியில் கிளம்பிவிடுவாரோ என்ற (நம் ஊருக்கே உரிய) கவலையும் குறையும். ஆனால், வேலையில்லாத நாளிலும் அவர்களை விடாமல் வைத்திருக்கும் செலவு, நமக்குத் தரும் மதிப்பீட்டில் எங்காவது ஏறியே இருக்கும்.