பொட்டலம் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள்

தெருவோரம் வாழ்பவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது ரொம்பச் சரி. நானும் முன்பெல்லாம் பிறந்தநாள் வந்தால் இருபது சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கிப் போய் சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் கொடுத்துவிட்டு வண்டியை அணைக்காமலேயே திரும்பிவிடுவேன். ஒருநாள் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு அம்மா, "உள்ளே வா தம்பி, நனையாதே" என்று தார்ப்பாய்க்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் மகள் தெருவிளக்கு வெளிச்சத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், நோட்டு நனையக் கூடாதென்று மடியில் குனிந்தபடி. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் மூன்று பாலிதீன் பைகளில் சுற்றி வைத்திருந்தார்கள். மாமியார் காலத்திலிருந்தே அதே பிளாட்பாரம்தானாம்.

வீடற்றோர் காப்பகத்துக்குப் போக வேண்டியதுதானே என்று பலர் கேட்கிறார்கள். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது, சென்னை மாநகராட்சியும் நடத்துகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல இடங்களில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று குடும்பமாக இருப்பவர்கள் பிரிந்து போய்ப் படுப்பார்களா? அப்புறம் பக்கத்தில் சவுகார்பேட்டைக் கடைகளில் மூட்டை தூக்குகிறவருக்குப் பிழைப்பு அங்கேதானே இருக்கிறது, அதைவிட்டுத் தள்ளிப் போக முடியுமா?

அடுத்த தடவை போனபோது அந்த அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். சாப்பாடு கேட்கவில்லை. ராத்திரியில் பொம்பளைப் பிள்ளை போய்வர ஒரு கழிப்பறை திறந்திருந்தால் போதும் என்றார்.