வாசற்படியில் படுத்திருந்தவன்

ஜிம்மி செத்த வாரத்தில் மூன்று பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மூவரும் மூன்று மதத்துக்காரர்கள். மூன்று ஆறுதலும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று யோசிக்கப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஜிம்மிதான். நாய்க்குப் பெயர் வைப்பதில் எங்கள் குடும்பத்தின் கற்பனை வளம் அவ்வளவு. 14 வருடம் எங்களோடு இருந்தான். வாசற்படிக்குக் குறுக்கே படுப்பான். நகரச் சொன்னால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வான். வருகிறவர், போகிறவர் எல்லோரும் அவனைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கடைசி ஒரு வருடம் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தான், அப்புறம் சிறுநீரகமும் கெட்டது. ஒருநாள் விடியும் நேரத்தில் அதே படியில் தலையை வைத்தபடி போய்விட்டான்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். "கவலைப்படாதேம்மா. இவ்வளவு விசுவாசமா இருந்த ஜீவன், அடுத்தது மனுஷப் பிறவிதான்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ அது பதவி உயர்வா, தண்டனையா என்று பிடிபடவில்லை. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் புரண்டு படுத்துக் காலம் தள்ளியவன், இனி பரீட்சை எழுதி, வேலை தேடி, கடன் கட்டி... எதற்கு?

அடுத்தவள் கூட வேலை பார்க்கும் தோழி. கிறிஸ்தவப் பெண். "பரலோகத்துல உனக்காகக் காத்துட்டிருப்பான் பாரு" என்றாள். நாலு நாள் கழித்து அவளே தயங்கித் தயங்கி வந்தாள். "எங்க பாஸ்டர்கிட்ட கேட்டேன்டி. அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டார்." அவள் முகத்தைப் பார்த்தால் ஜிம்மி இரண்டாம் தடவை செத்தது போல இருந்தது.

மூன்றாவது, கல்லூரி நண்பன் ஒருவன். முஸ்லிம். அவன் எந்த உறுதியும் தரவில்லை. "அல்லாஹ்தான் அறிவான்" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, கொம்பில்லாத ஓர் ஆட்டின் கதையைச் சொன்னான். அந்த ஆட்டைப் பிறகு கவனிப்போம்.

முதலில் பெரியவர் சொன்னது. மறுபிறவியை ஏற்கும் மதங்களில் விலங்குக்கு ஆன்மா உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை. புல்லாகி, பூடாகி, புழுவாகி, மரமாகி, பல்விருகமாகி என்று சிவபுராணம் அடுக்கும் வரிசையில் நாமெல்லோரும் எங்கெங்கோ இருந்துவிட்டு வந்தவர்கள். சைவ சித்தாந்தத்தில் உயிருக்குப் பெயரே 'பசு'. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு). கயிற்றில் கட்டுண்ட விலங்கு என்பதுதான் அதிலுள்ள உருவகம். ஆன்மாவுக்கு உவமை தேடும்போது நம் ஆட்கள் கட்டுத்தறிக்குத்தான் போயிருக்கிறார்கள். சமணம் இன்னும் தாராளம். ஓரறிவு உயிருக்கும் அங்கே ஜீவன் உண்டு. ஐந்தறிவுள்ள விலங்கு நோன்பு ஏற்கலாம், தேவனாகப் பிறக்கலாம். மகாவீரரே முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தவர்தான்.

சரி, இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறார்களே, பிறகு எனக்கு என்ன குறை?

குறை இதுதான். இந்தக் கணக்கில் உயிர் பிழைக்கிறது, ஜிம்மி பிழைப்பதில்லை. கதவைத் திறந்தால் வாலால் தரையை மூன்று முறை தட்டும் அந்தக் குறிப்பிட்ட ஆள் எங்கேயும் போவதில்லை, கலைந்து போகிறான். அவனிடமிருந்து கிளம்பிய ஏதோ ஒன்று வேறொரு உடம்பில், வேறொரு பெயரில், என்னை அறியாமல் வளரப்போகிறது. பௌத்தம் இதில் இன்னும் கறார். நிலையான ஆன்மா நாய்க்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. 9-ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி சாவோசோவிடம் ஒருவர், நாய்க்குப் புத்த இயல்பு, அதாவது புத்தராகும் தன்மை, உண்டா என்று கேட்டாராம். "இல்லை" என்று பதில் வந்தது. இன்னொருவர் அதையே கேட்டபோது "உண்டு" என்றாராம். ஜென் மரபில் இன்றைக்கும் சீடர்களுக்கு முதலில் கொடுக்கும் புதிர்களில் அந்த "இல்லை" ஒன்று. எனக்கு அந்தத் துறவியைப் பிடித்திருக்கிறது. ஆனால் துக்க வீட்டுக்கு அவரை அழைத்துப் போகமாட்டேன்.

கதைகளிலாவது ஆறுதல் கிடைக்குமா என்று பார்த்தேன். தருமபுத்திரரின் நாய் உடனே ஞாபகத்துக்கு வரும். தம்பிகளும் திரௌபதியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் கூடவே வந்த நாய் அது. நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்கிறார் தருமர். சிறு வயதில் இதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது கொஞ்சம் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் கடைசியில் அந்த நாய் நாயே இல்லை. தருமதேவதை வேடம் போட்டு வந்திருக்கிறது! வேடம் கலைந்ததும் நாய் மறைந்துவிடுகிறது. ஆக, இந்திரன் போட்ட சட்டம் கடைசிவரை மீறப்படவே இல்லை.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் எல்லாக் கதையிலும் இதே சூழ்ச்சிதான். முதலை வாயில் சிக்கி 'ஆதிமூலமே' என்று அலறிய யானை, முற்பிறவியில் இந்திரத்யும்னன் என்ற அரசன். சித்தார்த்தர் துறவுக்குப் பிரிந்ததும் துக்கத்தில் செத்த அவருடைய குதிரை கந்தகன், தேவனாகப் பிறந்ததாகச் சொல்கிறார்கள், அதாவது குதிரையாக இல்லை. ஜடாயு பறவையாகவே மோட்சம் போகவில்லையா என்று கேட்பீர்கள். ஜடாயு அருணனின் மகன், தசரதனின் நண்பர். எங்கள் ஜிம்மிக்கு அப்படியெல்லாம் குடும்பப் பின்னணி கிடையாது. மாணிக்கவாசகர் 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு' என்று உருகுகிறார். நாயைவிடக் கீழே கிடந்தவருக்கு அருள் கிடைத்தது, மகிழ்ச்சி. ஒரு படி மேலே கிடந்த நாய்க்கு?

தோழியின் பக்கம் நிலைமை நேர் எதிர். அங்கே ஆள் பிழைப்பார். நீங்கள் நீங்களாகவே, பெயரோடும் நினைவோடும் போகலாம். வாசல்தான் குறுகல். 13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக வகுத்துவிட்டார். விலங்குக்கும் ஆன்மா உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆன்மா செய்கிற வேலை எல்லாம், பார்ப்பது, கேட்பது, பயப்படுவது எல்லாம், உடம்பு வழியாகத்தான் நடக்கிறது. உடம்பு போனால் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை, ஆகவே அதுவும் அதோடு சரி. மனிதனிடம் மட்டும் உடம்பைச் சாராத அறிவு ஒன்று இருக்கிறது, அதனால் அவன் ஆன்மா மிஞ்சும். தர்க்கம் கச்சிதம். ஆனால் மூக்கு மரத்துப்போய், காது கேட்காமல் போய், கண்ணில் திரை விழுந்த பிறகும், நான் அழுத அன்று மட்டும் எழுந்து வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்தானே, அதை எந்த உறுப்பின் கணக்கில் எழுதுவது? ஐந்தறிவு, ஆறறிவு என்று தரம் பிரித்த தொல்காப்பியம்கூட, மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன கையோடு 'ஒருசார் விலங்கும் உளவென மொழிப' என்று ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. எழுதியவர் வீட்டிலும் ஏதாவது வளர்ந்திருக்க வேண்டும்.

இதில் மொழிபெயர்ப்பாளரும் கொஞ்சம் விளையாடியிருக்கிறார். ஆதியாகமத்தில் மிருகங்களைச் சொல்லும்போதும், மண்ணிலிருந்து ஆதாமை உருவாக்கும்போதும் எபிரேய மூலத்தில் இருப்பது ஒரே சொற்றொடர்தான்: 'நெஃபெஷ் ஹையா'. உயிருள்ள ஒன்று என்று பொருள். நம் பழைய தமிழ் வேதாகமத்திலோ மிருகங்கள் 'ஜீவஜந்துக்கள்', மனிதன் மட்டும் 'ஜீவாத்துமா'. ஒரே சொல்லை இரண்டாகப் பிரித்து ஆத்துமாவை நம் பக்கம் வைத்துக்கொண்டோம். அதே வேதாகமத்தில் பிரசங்கி 3-ஆம் அதிகாரம் இவ்வளவு நிச்சயமாகப் பேசுவதில்லை. மனிதனின் ஆவி மேலே ஏறுகிறது, மிருகத்தின் ஆவி கீழே இறங்குகிறது என்பதை அறிகிறவன் யார் என்று கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. தோழியிடம் இதைக் காட்டினேன். "எனக்குப் பாஸ்டரைவிட பிரசங்கியைப் பிடிக்குது" என்றாள்.

2014 டிசம்பரில் நடந்த கூத்து சிலருக்கு நினைவிருக்கும். நாய் இறந்து அழுத ஒரு சிறுவனிடம், விலங்குகளுக்கும் சொர்க்கம் உண்டு என்று போப் பிரான்சிஸ் சொன்னதாகச் செய்தி உலகைச் சுற்றியது. பெரிய பத்திரிகைகளே வெளியிட்டன. அப்புறம் பார்த்தால் அவர் அப்படிச் சொல்லவே இல்லை. முன்பிருந்த போப் ஆறாம் பவுல் சொன்னதாகக் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை இவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. சரிபார்க்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று உலகத்தில் பாதிப் பேர் ஏங்கிக்கொண்டிருந்தால் செய்தி அப்படித்தான் பரவும். அடுத்த ஆண்டு வந்த சுற்றுமடலில், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிபெற்ற நிலையில் தனக்குரிய இடத்தில் இருக்கும் என்ற பொருளில் அவர் நிஜமாகவே எழுதினார். அதை யாரும் அவ்வளவு பெரிதாகப் போடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரான்சில் லியோன் பக்கம் கினிஃபோர் என்று ஒரு புனிதர் இருந்தார். அவர் ஒரு வேட்டை நாய். குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கொன்றுவிட்டு வாயில் ரத்தத்தோடு நின்ற நாயை, குழந்தையைக் கடித்துவிட்டது என்று எண்ணி எஜமானன் வெட்டிவிட்டான். தெரிந்த கதையாக இருக்கிறதா? நம்மூர்க் கீரிப்பிள்ளைதான். சிலப்பதிகாரத்தில் கோவலன் பாவம் தீர்த்துவைக்கிற பார்ப்பனப் பெண்ணின் அதே கீரி. அங்கே ஊரார் நாய்க்குச் சமாதி வைத்து, நோயுற்ற குழந்தைகளை அதனிடம் தூக்கிப் போனார்கள். 13-ஆம் நூற்றாண்டில் விசாரணைக்கு வந்த துறவி ஒருவர் எலும்பைத் தோண்டி எடுத்து எரிக்கச் செய்தார். ஆனாலும் அதற்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் தாய்மார்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. இறையியல் எலும்பை எரித்தது, அவ்வளவுதான்.

இங்கே என் தோழர்கள் சிலர் கேட்கும் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். உன் நாய்க்குச் சொர்க்கம் கேட்கிறாயே, நீ தின்கிற கோழிக்கு? நேற்று நீ அடித்த கொசுவுக்கு? நியாயமான கேள்வி. செல்லப்பிராணிக்கு மட்டும் கேட்பது சிபாரிசுக் கடிதம் மாதிரிதான். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940-இல் கிட்டத்தட்ட இதையேதான் முன்வைத்தார்: வளர்ப்பு விலங்கு தன் எஜமானனின் உறவுக்குள்தான் ஒரு 'தான்' பெறுகிறது, ஆகவே அவன் வழியாக அதற்கும் அமரத்துவம் கிடைக்கலாம் என்று. படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் யாரும் பெயர் வைக்காத தெருநாய்? கல்லடி வாங்கி, ஒரு கை கூடத் தலையைத் தடவாமல், லாரியில் அடிபட்டுச் சாகிறதே, அதற்கு யார் சிபாரிசு? சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் ஜிம்மியைவிட அதற்குத்தான் அதிகம் தேவை. ஜிம்மிக்கு இங்கேயே ஓரளவு கிடைத்துவிட்டது.

அதனால்தான் நண்பன் சொன்ன ஆடு எனக்குள் தங்கிவிட்டது. நபிமொழி அது. நியாயத் தீர்ப்பு நாளில் எல்லா உரிமைகளும் உரியவரிடம் போய்ச் சேரும், எந்த அளவுக்கு என்றால், கொம்பில்லாத ஆட்டை முட்டிய கொம்புள்ள ஆட்டிடம்கூடக் கணக்குத் தீர்க்கப்படும். குர்ஆனிலும், ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமூகங்களே, அவை தம் இறைவனிடம் ஒன்றுசேர்க்கப்படும் என்று ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. கணக்கு முடிந்ததும் விலங்குகள் மண்ணாகிவிடும் என்பது விளக்கவுரையாளர்கள் பலரின் கருத்து. நித்திய வாழ்வு இல்லை, ஆனால் விசாரணை உண்டு. அந்த ஆட்டின் வலியை ஒருவன் குறித்து வைத்திருக்கிறான். இதைக் கேட்டபோது ஏனோ எந்தப் பரலோகத்தைவிடவும் இது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மெத்தடிஸ்ட் சபையை நிறுவிய ஜான் வெஸ்லி 1781-இல் செய்த பிரசங்கம் ஒன்றும் இதன் பக்கத்தில் வருகிறது. மனிதன் செய்த தவறால் வதைபடும் விலங்குகளுக்கு ஈடு கிடைத்தே ஆகவேண்டும், அவை மீட்கப்படும் என்றார். அவர் எதற்கும் உருகவில்லை, நீதி கேட்டார்.

எனவே என் கட்சி இதுதான், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்: அன்பு செலுத்தினோம் என்பதற்காக நாய்க்கு மறுமை கேட்க நமக்கு உரிமை இல்லை. வதைத்திருக்கிறோம் என்பதற்காகக் கேட்கலாம். ஜிம்மி விஷயத்தில் எனக்கு வேண்டியது வேறு. அவனுக்கு ஆன்மா இருந்ததா என்பதை நிரூபிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கப்போவதில்லை. அவன் எங்கள் கணக்கில் சேர்ந்தவன் என்று யாராவது ஒப்புக்கொண்டால் போதும்.

அப்படி ஒப்புக்கொள்ளும் கதை ஒன்றைத்தான் கண்டேன். குர்ஆனின் 18-ஆவது அத்தியாயத்தில், நம்பிக்கைக்காக ஊரை விட்டுத் தப்பி, குகையில் 309 ஆண்டுகள் உறங்கிய இளைஞர்களின் கதை. அவர்களுடைய நாய் முன்னங்கால்கள் இரண்டையும் விரித்துக்கொண்டு வாசற்படியில் கிடக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்பதில் தகராறு. மூன்று பேர், நாலாவது அவர்களுடைய நாய் என்பார்கள். ஐந்து பேர், ஆறாவது நாய் என்பார்கள். ஏழு பேர், எட்டாவது நாய் என்பார்கள். சரியான தொகை இறைவனுக்குத்தான் தெரியும் என்று கதை விட்டுவிடுகிறது. கவனியுங்கள், ஆட்களின் எண்ணிக்கையில்தான் குழப்பம், எந்தக் கணக்கிலும் நாய் விடுபடவில்லை. அந்த நாய் முற்பிறவியில் யாராகவும் இருந்ததில்லை. வேடம் கலைந்து தேவதையாக எழவும் இல்லை. கடைசிவரை நாயாகவே படுத்திருக்கிறது. அதுவும் சொர்க்கத்தில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை முஸ்லிம்களிடையே உண்டு என்றான் நண்பன்.

நேற்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். ஜிம்மிக்கு மனுஷப் பிறவி வாங்கிக் கொடுத்தவர். படிக்கு அருகில் வந்ததும் கைத்தடியை முதலில் உள்ளே ஊன்றிக்கொண்டு, ஒரு காலை உயரத் தூக்கி, அகட்டி வைத்து, மெதுவாக உள்ளே வந்தார். படியில் ஒன்றும் இல்லை.