மின்சாரக் கார் வந்தாலும் டயர் தேயத்தான் செய்யும்

கார் மாசு என்றாலே எல்லோர் கண்ணும் புகைக்குழாய் மேல்தான் போகிறது. ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரப் பக்கத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீனைக் கொன்றது டயர்.

முட்டையிடக் கடலிலிருந்து ஓடையேறும் கோஹோ, இலையுதிர்கால மழை பெய்த சில மணி நேரத்தில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும், நிலைதடுமாறிச் சுற்றும், செத்து மிதக்கும். பெண் மீனை அறுத்துப் பார்த்தால் முட்டை அப்படியே வயிற்றில் இருக்கும். லாங்ஃபெலோ போன்ற நகர ஓடைகளில் சில ஆண்டுகள் பாதிக்கு மேல் இப்படிப் போயின. பூச்சிமருந்து, உலோகம், நோய் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்தும் கணக்கு ஒத்துவரவில்லை. 2020 டிசம்பரில்தான் அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆளைப் பிடித்தார்கள்: 6பிபிடி-குயினோன் என்ற வேதிப்பொருள்.

காற்றிலுள்ள ஓசோன் பட்டு ரப்பர் விரிசல் விடாமலிருக்க டயரில் 6பிபிடி என்ற பாதுகாப்புப் பொருளைக் கலக்கிறார்கள். எடையில் ஏறக்குறைய 0.4 முதல் 2 சதவீதம். ரப்பரை முந்திக்கொண்டு ஓசோனோடு வினைபுரிவதுதான் அதற்கு இட்ட வேலை. அந்த வினையில் பிறப்பதே இந்த நஞ்சு. டயர் தேய்ந்த தூளோடு சாலையில் கிடந்து, மழைநீரோடு ஓடைக்குப் போகிறது. லிட்டருக்குச் சுமார் 95 நானோகிராம் இருந்தாலே இளம் கோஹோவில் பாதி செத்துவிடும். அதே தண்ணீரில் அதன் உறவு மீனான சம் சால்மன் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே, ஒரே ஒரு மீன் இனத்தை வைத்துச் சோதித்துத் தண்ணீருக்கு நற்சான்று கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மின்சாரக் காரில் புகை இல்லை, சரி. ஆனால் பேட்டரியால் எடை கூடுகிறது, டயர் இன்னும் வேகமாகத் தேய்கிறது. காரில் தேயும் இன்னொரு பாகமான பிரேக் பேடில் உள்ள செம்பு சால்மனின் மோப்பத்தைக் கெடுப்பதால் வாஷிங்டன் மாநிலம் 2010-இல் சட்டம் போட்டு, 2025-க்குள் அதை 0.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. பேடுக்கு மாற்றுப்பொருள் இருந்தது, முடிந்தது. டயரில் அந்த வசதி இன்னும் வரவில்லை. மாற்றைத் தேடியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா 2023 அக்டோபரில் டயர் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது.

அதுவரை கைவசம் உள்ளது, சாலை நீரை வடிகட்டும் மண் படுகை. 60 பங்கு மணல், 40 பங்கு கம்போஸ்ட், சுமார் 45 செ.மீ. ஆழம். கோஹோவைக் கொன்ற அதே சாலை நீரை இந்தக் கலவை வழியாக வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்தன. ஆனாலும் காசெல்லாம், தண்ணீரை வேகமாகக் கடத்தும் கான்கிரீட் குழாய்க்கே போவது எனக்கு எரிச்சல்.

இந்தப் படுகையிலும் தொல்லை உண்டு. புதிதாகப் போட்ட கம்போஸ்டிலிருந்து முதல் சில மழைகளில் நைட்ரஜன், பாஸ்பரஸ், கொஞ்சம் செம்புகூடக் கரைந்து வெளியேறும். ஏரியோரமாக இருந்தால் பாசி பெருகும், அங்கே கம்போஸ்டைக் குறைக்க வேண்டும். மேலே வண்டல் படிந்து அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே இறங்காமல் வழிந்து நேரே ஓடைக்குப் போய்விடும். செடிகளின் வேர் துளைகளைத் திறந்து வைக்கும். ஆனாலும் நீர் நுழையும் வாயில் சேரும் மண்ணை மழைக்காலத்துக்கு முன் வாரி எடுக்கத்தான் வேண்டும். திட்ட மதிப்பீட்டில் படுகை வெட்டும் செலவு இருக்கும், வாரும் கூலிக்குப் பெரும்பாலும் ஒதுக்கீடு இருக்காது.