டெர்மினேட்டர் 2: துரத்துகிறவன் இல்லாத துரத்தல் படம்

1991 ஜூலையில் வெளியான ‘டெர்மினேட்டர் 2’ படத்தை வெறும் துரத்தல் படம் என்று சொல்கிறவர்கள், அதன் நடுப்பகுதியில் துரத்துகிறவனே ஏறத்தாழக் காணாமல் போய்விடுகிறான் என்பதைக் கவனிப்பதில்லை. சென்ற வாரம் கோவை கணபதியில் பேக்கரி ஒன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பவுண்டரியில் (வார்ப்பாலையில்) புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, “அந்தப் படத்துல கதை எங்கீங்ணா இருக்குது? ஒருத்தன் தொரத்தறான், மூணு பேரு ஓடறாங்க, கடைசீல உலையில உழுகறாங்க, அவ்வளவுதானுங்களே?” என்று கேட்டார். அங்கே நின்றபடி சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லாததால், விரிவாக இங்கே எழுதுகிறேன். படத்தின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

ஜேம்ஸ் கேமரூன் 1984இல் எடுத்த முதல் படத்தின் கதை மிகவும் நேரானது. மனிதர்களை அழிக்கும் ஸ்கைநெட் என்ற இயந்திர அறிவு, தன்னை எதிர்க்கப்போகும் தலைவன் பிறக்கவே கூடாது என்று அவனுடைய தாய் சாரா கானரைக் கொல்ல எதிர்காலத்திலிருந்து ஓர் இயந்திரத்தை அனுப்புகிறது. அவளைக் காக்க கைல் ரீஸ் என்ற மனிதன் வருகிறான். ஆர்னால்டு நடித்த அந்த இயந்திரம் மலைபோல் இருக்கும், காவலன் ஒல்லியாகவும் களைத்தும் இருப்பான். இந்தப் பொருத்தம் பார்வையாளர் மனத்தில் பதிந்திருக்கும் என்பதை மூலதனமாக வைத்துத்தான் கேமரூனும் வில்லியம் விஷரும் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தை எழுதியிருக்கிறார்கள். மீண்டும் இருவர் வருகிறார்கள். ஆர்னால்டு மதுக்கடைக்குள் புகுந்து அடித்து உதைத்து உடையையும் மோட்டார் சைக்கிளையும் பறிக்கிறார். ராபர்ட் பேட்ரிக் காவலர் உடையில், மரியாதையாகப் பேசிக்கொண்டு, வீடு வீடாகச் சாராவின் மகனான சிறுவன் ஜானைப் பற்றி விசாரிக்கிறார். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று படம் வாய்திறந்து சொல்வதே இல்லை. வணிக வளாகத்தின் பின்புற நடைவழியில், ஒரு பக்கம் ரோஜாப் பெட்டிக்குள் துப்பாக்கி வைத்திருக்கும் ஆர்னால்டும் மறுபக்கம் காவலரும் நெருங்க, நடுவில் சிறுவன் சிக்கிக்கொள்ளும்போதுதான் அது தெரிகிறது. ஆர்னால்டு தம் முதுகைக் கொடுத்து அவனை மறைக்கிறார்.

அரைமணி நேரம் பொத்திப் பொத்திக் கட்டிய இந்த முடிச்சைப் படத்தின் விளம்பரங்களே முன்கூட்டி அவிழ்த்துவிட்டன என்பது வேறு கதை. ஆர்னால்டு இம்முறை நல்லவர் என்று தெரிந்துகொண்டேதான் பெரும்பாலோர் அரங்குக்குள் போனார்கள். அப்படியும் அந்த நடைவழிக் காட்சி வேலை செய்கிறது என்றால், அதிர்ச்சியை மட்டும் நம்பி அது எழுதப்படவில்லை என்றுதான் பொருள்.

அதன்பின் வரும் ஒரு சிறிய காட்சியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தான் சொன்னால் இந்த இயந்திரம் கேட்கும் என்று அறிந்துகொண்ட பத்து வயதுச் சிறுவன், யாரையும் கொல்லக் கூடாது என்று அதற்குக் கட்டளை போடுகிறான். கொல்வதற்காகவே செய்யப்பட்ட ஒன்றை அடிதடிப் படத்தின் நாயகனாக்கிவிட்டு, அதன் கையையும் எழுத்தாளர்களே கட்டிப்போடுகிறார்கள். இதனால் ஒவ்வொரு சண்டையும் ஒரு கணக்காக மாறுகிறது. சாரா அடைக்கப்பட்டிருக்கும் மனநல மருத்துவமனையின் வாயிற்காவலரை முழங்காலில் மட்டுமே சுட வேண்டும். பிற்பாடு சைபர்டைன் என்ற கணினி நிறுவனத்தின் கட்டடத்தைச் சூழும் காவலர்களின் வண்டிகளைச் சல்லடையாக்க வேண்டும், ஆனால் ஒருவர் உயிரும் போகக் கூடாது. நம் படங்களில் சண்டை தொடங்கினால் கதை கைகட்டி ஓரமாக நிற்கும். இங்கே சண்டைக்குள்ளும் அந்தச் சிறுவனின் கட்டளை நடந்துகொண்டே இருக்கிறது.

ஆங்கிலப் படங்களுக்கு எங்கள் ஊர் அரங்குகளில் ஆபரேட்டர் நிறுத்தும் இடம்தான் இடைவேளை. பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கைப் போட்டுவிடுவார்கள். இந்தப் படத்துக்கு என்னைக் கேட்டால், மருத்துவமனையிலிருந்து சாராவை மீட்டுக்கொண்டு மூவரும் தப்பும் இடத்தில் இடைவேளை விடச் சொல்வேன். துரத்தல் படமாக அது அங்கேயே ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. அடுத்து வருவது பாலைவனம். காவலர் உருவில் துரத்திவந்த, திரவ உலோகத்தாலான டி-1000 அங்கே வருவதில்லை. அவன் எப்போது வருவானோ என்ற பயத்தைக்கூடப் படம் பெரிதாக ஊதிக்காட்டுவதில்லை. சைபர்டைனுக்கு அவன் வந்து சேரும்வரை கதையை நகர்த்துகிறவன் அவன் அல்லன். வில்லனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால் வேகம் குறைந்துவிடும் என்று எந்தத் தயாரிப்பாளரும் அஞ்சியிருப்பார். அந்த வெற்றிடத்தில் கேமரூன் கொண்டுவந்து நிறுத்துவது இன்னொரு கொலையாளியை. அந்தக் கொலையாளி சாரா.

மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கும் சாராவின் கனவில் விளையாட்டுத் திடல் ஒன்று அணுகுண்டு நெருப்பில் எரிந்து போகிறது. விழித்தவள் யாரிடமும் சொல்லாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ஸ்கைநெட்டுக்கு வித்திடப்போகும் சைபர்டைன் பொறியாளர் மைல்ஸ் டைசனைக் கொல்லக் கிளம்புகிறாள். அவர் இன்னும் எந்தக் குற்றமும் செய்யாதவர். இரவு நேரத்தில் வீட்டில் கணினிமுன் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். இருட்டில் பதுங்கியிருக்கும் சாராவின் துப்பாக்கியிலிருந்து ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி அவர்மேல் ஊர்கிறது. முதல் படத்தின் நடன விடுதிக் காட்சியில், இயந்திரத்தின் கைத்துப்பாக்கியிலிருந்து சாராவின் நெற்றிமேல் வந்து நின்ற அதே சிவப்புப் புள்ளி. நாள் குறித்து, முகவரி தேடி, எதிர்காலத்தின் பெயரால் ஒரு நிகழ்காலத்து மனிதரைக் கொல்லப் போகும் வேலையை முதல் படத்தில் செய்தது எதுவோ, அதுவாகவே அவள் இப்போது மாறியிருக்கிறாள். டைசனின் மகன் ஓட்டிக்கொண்டிருக்கும் பொம்மை வண்டி அவர் காலில் இடிக்க, எடுக்கக் குனிந்ததால் மட்டுமே அவர் பிழைக்கிறார்.

உள்ளே பாய்ந்து, காயம்பட்டுக் கிடக்கும் டைசனின் முன் துப்பாக்கியுடன் நின்றும் அவளால் சுட முடியவில்லை. டைசனின் மகன் அப்பாவின்மேல் விழுந்து மறைத்துக்கொள்கிறான். சுவரோரம் சரிந்து அவள் அழுகிறாள். கொல்லாதே என்று கட்டளை போட்டவனும் அதைக் கற்றுக்கொண்ட இயந்திரமும் அதன்பிறகுதான் வந்து சேர்கிறார்கள். இயந்திரம் மனிதனாகிக்கொண்டே வர, மனிதப் பிறவி இயந்திரமாகிக்கொண்டே போன இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் அந்த வீட்டுக் கூடம். படத்தின் உச்சக்காட்சி எது என்று கேட்டால் நான் உருக்காலையைச் சொல்லமாட்டேன், டைசன் வீட்டைத்தான் சொல்வேன். அங்கிருந்து கதையின் கேள்வியே மாறிவிடுகிறது. அதுவரை ஜான் பிழைப்பானா என்பதுதான் கேள்வி. அதன்பின் 1997 ஆகஸ்டு 29 அன்று 300 கோடிப் பேர் சாகப்போகும் போரை நிறுத்த முடியுமா என்பது கேள்வி. டி-1000 மீண்டும் நுழையும்போது நாம் பயப்படுவது சிறுவனுக்காக மட்டும் அன்று.

சைபர்டைன் கட்டடத் தகர்ப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பிரம்மாண்டமாக இருக்கும். டைசன் சாகும் விதம் மட்டும் நெஞ்சில் நிற்கும்.

கடைசிப் பகுதியைக் கோவைக்காரர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூர்ந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். கலிபோர்னியாவின் ஃபான்டானாவில் மூடப்பட்டுக் கிடந்த கைசர் உருக்காலையில் அது படமாக்கப்பட்டது. உருகிய உலோகம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் தெறித்து வெடிக்கும் என்று, அதை ஏந்தும் கலமான லேடிலைக்கூடச் சூடேற்றிக் காயவைத்து வேலை செய்கிறவர்களுக்கு, முகக் கவசமோ கையுறையோ இல்லாமல் உருகிய உருக்குக்கு மேலே நின்று அவர்கள் உரையாடுவது சிரிப்பைத்தான் வரவழைக்கும். ஆனால் கதைக்கட்டில் அந்த இடத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. திரவமாகும் எதிரியை அடித்தும் சுட்டும் வெல்ல முடியாது. அவனை வெல்ல வெப்பநிலையால்தான் முடியும். அவனே ஓட்டிவந்த லாரி கவிழ்ந்து, சுழியத்துக்குக் கீழே 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் கொட்டி, அவன் உறைந்து, கால் முறிந்து, ஒரே தோட்டாவில் சில்லுசில்லாகிறான். படம் முடிந்தது என்று எழுந்திருக்கும் நேரத்தில், உலைகளின் சூட்டிலேயே சில்லுகள் உருகி, பாதரசம்போல் ஒன்றையொன்று தேடி ஓடி ஒட்டிக்கொள்கின்றன. அவனைக் காப்பாற்றிய அதே சூடுதான், 1500 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிக் கிடக்கும் உருக்காக இருந்து, முடிவில் அவனை விழுங்குகிறது. பொய்யான முடிவும் மெய்யான முடிவும் ஒரே கூரையின்கீழ், ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன.

டி-1000 அழிந்தபின்னும் கதை முடியவில்லை. முதல் படத்தில் சாரா ஓர் ஆலைக்குள் ஊர்ந்துபோய், ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நசுக்கினாள். நசுங்கியதில் மிஞ்சிய கையும் கணினிச் சில்லும்தான் சைபர்டைனுக்குப் போய், டைசனின் ஆராய்ச்சிக்கு மூலமாகி, ஸ்கைநெட்டையே உண்டாக்கின. அதாவது அவளுடைய வெற்றியிலிருந்துதான் பேரழிவு முளைத்தது. இரண்டாம் படத்தின் முடிவில் அந்தக் கையும் சில்லும் உலைக்குள் போகின்றன. இன்னும் ஒரு சில்லு மிச்சமிருக்கிறது, அது தன் தலைக்குள் இருக்கிறது, தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தனக்கு அனுமதியில்லை என்று ஆர்னால்டு சொல்லி, தன்னை உலைக்குள் இறக்கும் சங்கிலித் தூக்கியின் பொத்தான் பெட்டியைச் சாராவின் கையில் கொடுக்கிறார். அவள் மீண்டும் ஒரு பொத்தானை அழுத்துகிறாள். அதே பெண், அதே மாதிரி இயந்திரம், அதே செயல். முதல் முறை வெறுப்பில் அழுத்தினாள், இம்முறை கைகுலுக்கி விடைகொடுத்துவிட்டு அழுத்துகிறாள்.

2029ஆம் ஆண்டில், போர் நடக்காத உலகில் முதுமையடைந்த சாரா பூங்காவில் உட்கார்ந்திருப்பதாக ஒரு முடிவையும் எடுத்திருந்து, பிறகு அதை நீக்கிவிட்டு இரவுச் சாலையோடு படத்தை முடித்தார்கள். விதி கையில் இருக்கிறது என்று சொல்லும் படம், விடையையும் தானே எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது முரண். நீக்கியது சரியான முடிவு.

குறை என்று ஒன்று உண்டு. டி-1000உடன் மோதும்போது ஆர்னால்டின் கை ஒரு பெரிய பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. கையைப் பிய்த்துக்கொண்டு விடுபடுகிறார். ஒரு பழைய கை மிஞ்சியதால் உலகம் அழியும் என்று இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டு, இந்தப் புதிய கை அந்தச் சக்கரத்திலேயே கிடப்பதைப் பற்றிப் படத்தில் ஒருவரும் வாய்திறப்பதில்லை. கடைசிச் சில்லுவரை கணக்குப் பார்க்கும் இவ்வளவு கறாரான திரைக்கதையில் அந்த ஓட்டை விழுந்தது எப்படி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. யாராவது தக்க காரணம் வைத்திருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.