வேலியைத் தள்ளியவரை யாரும் கேட்பதில்லை

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கும் நாடுகள்தாம் போரை நீட்டிக்கின்றன என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. மறுத்துப் பேச எழுந்த என்னிடமிருந்து, இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

2022 பிப்ரவரி 24 அன்று எல்லை தாண்டி வந்தது ரஷ்யப் படை. அது திரும்பிப் போனால் அன்றைக்கே போர் ஓயும். இதை ஒரு வரிகூடச் சொல்லாமல், தடுத்து நிற்பவருக்குத் தோள் கொடுப்பவரைக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்?

இந்த உதவி தானமும் அன்று. சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உக்ரைன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்கள் உலகில் மூன்றாவது பெரிய குவியல். அவற்றை விட்டுக்கொடுக்க அது இசைந்ததால், 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் அதன் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. படை அனுப்புவோம் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்று கேட்பீர்கள். எழுதவில்லை. ஆனாலும் ஒருவர் தம் வீட்டைக் காக்க வைத்திருந்ததைக் கைவிடச் செய்தவர்கள், திருடன் வந்த இரவில் தாளை எடுத்துப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமன்று. காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் மழைக்கு மழை வேலிக் கிளுவைப் போத்துகளை எங்கள் பக்கமாகத் தள்ளித் தள்ளி நட்டார். அப்பா வழக்குப் போட்டார். வக்கீல் செலவுக்கு மாமா பணம் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் வேலியைத் தள்ளியவரிடம் போகவில்லை, எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். "உம்பட மச்சான் பணங் குடுக்கறதுனாலதான் இந்தச் சண்டை ஓய மாட்டேங்குது" என்றார் அவர்களில் மூத்தவர். அப்பா அந்தச் சொல்லைச் சாகும்வரை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே சொல்லைத்தான் மறுபடியும் கேட்டேன்.

போரை நீட்டித்தது உதவி அன்று, உதவியில் நேர்ந்த தாமதம். அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் 2023 அக்டோபரில் கேட்ட நிதி, ஏறத்தாழ 6,100 கோடி டாலர், 2024 ஏப்ரல் 24 அன்றுதான் சட்டமானது. அந்த இடைவெளியில் பீரங்கிக் குண்டுகளின்றித் தவித்த உக்ரைன் வீரர்கள் பிப்ரவரியில் அவ்தீவ்கா நகரை விட்டுப் பின்வாங்கினார்கள். 2025 மார்ச்சிலோ அமெரிக்கா தரும் ஆயுதமும் உளவுத் தகவலும் சில நாட்கள் நிறுத்தப்பட்டன. கொடுத்த கையைக் குறை சொல்பவர்கள் நிறுத்திய கையைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

இதில் அமெரிக்க ஆலைகளுக்கு லாபம் என்பார்கள். லாபம்தான். அந்த நிதியில் பெரும்பங்கு அங்கேயே செலவாகிறது. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் பீரங்கிக் குண்டுகளின் கூடுகள் செய்யப்படுகின்றன. அதனால் உக்ரைனின் கார்கிவ் நகரில் இடிந்த வீடு இடியாத வீடாகிவிடுமா? இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறதே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அது வேறு வழக்கு.

ஈழத்துக்கு யார் வந்தார்கள் என்ற கேள்விதான் என்னை உலுக்குகிறது. யாரும் வரவில்லை. 2009 மே மாதம் உலகம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததே என்று நாம் எல்லோரும் அழுதோம், நானும் அழுதேன். அப்படி அழுத நாமா இன்று இன்னொரு மக்களைப் பார்த்து, உங்களுக்கு உதவுவதுதான் தவறு என்று சொல்வது? நமக்குக் கிடைக்காதது வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதை நீதி என்று என்னால் ஏற்க முடியாது. இதற்காக என்னை இனப்பற்று இல்லாதவன் என்று எழுதுபவர்கள் எழுதட்டும். வலிக்கும், ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

என் தங்கை மகள் கார்கிவில் மருத்துவம் படித்தவள். குண்டு விழுந்த நாட்களில் அவளும் தோழிகளும் மெட்ரோ நிலையத்தின் தரையில் படுத்திருந்தார்கள். தம் வீட்டு ரொட்டியை அவர்களோடு பங்கிட்ட விடுதிக் காப்பாளர் அம்மா இன்றும் அதே நகரத்தில் இருக்கிறார். அவள் உயிரோடு திரும்பியபோது கோவை விமான நிலையத்துக்கு மாலையோடு வந்தவர்களில் சிலரும் ஞாயிற்றுக்கிழமை கைதட்டினார்கள். அப்போது அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.