யூடியூப் பாடமும் சென்னைத் தரையும்

சென்னையில் கோல்ஃப் ஆட வருகிற புதியவர்களில் நிறைய பேருக்கு குரு யூடியூப்தான். தப்பே இல்லை. ஆனால் அந்த வீடியோக்களில் பல எடுக்கப்படுவது ஈரமும் மெத்தென்ற புல்லும் உள்ள வெளிநாட்டு மைதானங்களில். நம்மூரில் மார்ச் தாண்டினால் தரை இறுகிவிடும். மேலே புல் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்துகிற அதே ஷாட் இங்கே குழி இருக்கும் குட்டைப் புல்தரையான கிரீனைத் தாண்டி அந்தப் பக்க பங்கரில் (மணல் பள்ளம்) கொண்டுபோய்ப் போடும். உடனே ஸ்விங் சரியில்லை என்று இன்னும் நாலு வீடியோ பார்ப்பார்கள். தரையைப் பார்க்க மாட்டார்கள்.

முதல் ஏமாற்று பயிற்சி இடமான டிரைவிங் ரேஞ்சின் ரப்பர் விரிப்பிலேயே தொடங்குகிறது. பந்துக்கு ஒரு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் (பந்தடிக்கும் மட்டை) ரப்பரில் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும். சத்தம்கூட நன்றாகவே இருக்கும். அதே அடியை ஃபேர்வேயில் (குழிக்குப் போகும் வழியின் வெட்டிய புல்தரை) அடித்தால் பந்து பாதி தூரம்கூடப் போகாது. இதற்கு மருந்து சுலபம். கைத்துண்டை மடித்துப் பந்துக்குப் பின்னால் நாலு அங்குலம் தள்ளி வையுங்கள். துண்டில் படாமல் அடிக்கப் பழகினால் போதும். கூடை கூடையாக டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) அடிப்பதைவிட 9 அயர்னை (இரும்புக் கிளப்; எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும்) வைத்து இதை அரை மணி நேரம் செய்வது மேல்.

இனி முக்கியமான விஷயம்: கிரீனைச் சுற்றியுள்ள கடைசி முப்பது யார்டு. ஸ்கோர் கார்டு நாசமாவது பெரும்பாலும் இங்கேதான். வீடியோவில் முகம் 56 அல்லது 60 டிகிரி சாய்ந்த கிளப்பான வெட்ஜை மல்லாத்திப் பிடித்து, பந்தை உயரத் தூக்கி நிறுத்துவார்கள். வெட்ஜின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அந்தக் கோணத்துக்குத்தான் பவுன்ஸ் என்று பெயர். மணலிலும் மெத்தென்ற புல்லிலும் கிளப் புதையாமல் வழுக்கிப்போக அதுதான் உதவி. சாண்ட் வெட்ஜ்களில் இது பொதுவாக 10 முதல் 14 டிகிரி வரை இருக்கும். முகத்தை மல்லாத்தினால் பவுன்ஸ் இன்னும் கூடும். காய்ந்த தரையில் அந்த அடிப்பாகம் பட்டுத் தெறிக்கும். முன்விளிம்பு மேலே எழுந்து பந்தின் நடுவயிற்றில் மோதும். பந்து தோட்டா மாதிரி பறக்கும். ஆடியவர் தலையைத் தூக்கிவிட்டதாகக் கூட இருப்பவர்கள் சொல்வார்கள். தலை மேல் பழி வீண். குற்றம் கிளப் தேர்வில்.

இந்தத் தரைக்கு ஏற்றது உருட்டு ஆட்டம். 8 அயர்ன் எடுங்கள். கால்களை நெருக்கி நில்லுங்கள். வலக்கைக்காரர் என்றால் பந்து வலது கால் பெருவிரலுக்கு நேராக, உடல் எடையில் பாதிக்கு மேல் இடது காலில், மணிக்கட்டை மடக்காமல், கிரீனில் பட்டரால் பந்தை உருட்டி பட் போடுகிற மாதிரியே ஒரு அடி. பந்து விழ வேண்டிய இடம் கிரீனுக்குள் ஒரு மீட்டர். அங்கிருந்து தானாக உருளும். சமதளக் கிரீனில் 8 அயர்ன் ஒரு பங்கு பறந்தால் ஏறக்குறைய மூன்று பங்கு உருளும். பிட்சிங் வெட்ஜ் ஒன்றுக்கு இரண்டு. சாண்ட் வெட்ஜ் ஒன்றுக்கு ஒன்று. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் அடியின் அளவை மாற்றாமல் கிளப்பை மட்டும் மாற்றி ஆடலாம். நடுவில் பங்கர் இருந்தால்தான் தூக்கி அடிக்கிற வேலை. அதற்கும் குறைந்த பவுன்ஸ், அதாவது 4 முதல் 6 டிகிரி உள்ள வெட்ஜ்தான் நம்மூருக்குச் சரி.

அடுத்தது புல். பெர்முடா என்று பெரிதாகச் சொல்லப்படுவது நம் அருகம்புல் இனம்தான். கிரீன்களில் அதன் கலப்பின வகைகளைப் போடுவார்கள். அருகு எப்படித் தரையோடு படர்ந்து ஓடும் என்று தெரியும்தானே? கிரீனிலும் அதே குணம்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும், அந்தச் சாய்வு பந்தை இழுக்கும். பந்துக்குப் பின்னால் நின்று குழியைப் பாருங்கள். புல் பளபளத்தால் அது குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பட் வேகமாக ஓடும். மங்கலாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு; கூடுதலாகத் தள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல் சுத்தமாகவும், எதிர்ப்பக்கம் பிசிறாக, பழுப்பேறியும் இருக்கும். பிசிறு இருக்கும் பக்கம் நோக்கித்தான் புல் வளர்கிறது. கிரீன் ஓரத்துப் புல் உங்களுக்கு எதிராகச் சாய்ந்திருந்தால் வெட்ஜ் மாட்டிக்கொள்ளும். கூச்சப்படாமல் பட்டரையே எடுங்கள்.

காற்றும் ஒரே மாதிரி இருக்காது. விடியற்காலையில் அனேகமாக அசைவே இருக்காது, அல்லது மேற்கிலிருந்து லேசாக வரும். வெயில் ஏறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து திரும்பும். கோடையில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் பிற்பகல் வரை தாமதமாகும். காலை ஆறு மணிக்கு 7 அயர்ன் போதுமாக இருந்த கிழக்கு நோக்கிய குழிக்குப் பதினொரு மணிக்கு 6 வேண்டியிருக்கும். கொடியை மட்டும் பார்க்காமல் மர உச்சிகளையும் பாருங்கள்.

வியர்வைக்கு: கிளவுஸ் இரண்டு, முடிந்தால் மூன்று, மாற்றி மாற்றி. கழற்றியதைப் பாக்கெட்டில் திணிக்காமல் பையில் தொங்கவிடுங்கள். கிரிப் வழுக்கினால் புதிது வாங்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீருக்குள் பந்து கிடந்தால் அப்படியே அடிக்க வேண்டியதில்லை. தண்ணீர் இடைஞ்சல் முழுவதும் நீங்கும் மிக அருகிலுள்ள இடம், அங்கிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விடலாம் (டிராப்). அபராதம் கிடையாது. சொந்த வேகத்தில் மண்ணில் புதைந்த பந்துக்கும் ஃபேர்வேயிலும் ரஃபிலும் (ஓரத்து நீளப் புல்) இலவசச் சலுகை உண்டு. ஆனால் கோடையில் வெடித்த தரைக்கு அந்தச் சலுகை தானாக வராது, கமிட்டி அறிவித்திருந்தால்தான். காணாமல் போன பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான். ஐந்து நிமிடம் என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்கிறேன் என்று ஃபோர்க்கை அடியில் குத்தி நெம்புவதுதான் எனக்குத் தாங்காத காட்சி. வேர் அறுந்து அந்த வட்டம் காய்ந்துபோகும். ஓரத்தில் குத்தி நடுவை நோக்கித் தள்ளி, பட்டரால் தட்டிவிட வேண்டும். ஃபேர்வேயில் கிளப் பெயர்த்த பள்ளத்தில் (டிவட்) மணல் போட்டால் போதும்; அருகு படர்ந்து மூடிக்கொள்ளும்.

இவ்வளவையும் பழக இடம் எங்கே என்று கேட்டால் பதில் சங்கடமானது. கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் தலைமுறைகளாக இருந்துவந்தது ஜிம்கானா கிளப்பின் மைதானம்; நந்தனத்தில் இருப்பது காஸ்மாபாலிட்டன் கிளப்புடையது. இரண்டுமே கிளப்களின் மைதானங்கள். தில்லியில் லாடோ சராயில் வளர்ச்சி ஆணையமே குதுப் கோல்ஃப் கோர்ஸை நடத்துகிறது. காசு கட்டிவிட்டு யாரும் ஆடலாம். 2024 செப்டம்பரில் ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை அரசு திரும்ப எடுத்தபோது, பணக்காரர் விளையாட்டுக்கு எதற்கு இடம் என்ற குரல் பலமாக எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். அதனால் பதினெட்டுக் குழி வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஒன்பது குழி, எல்லாமே பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி), ஒவ்வொன்றும் 60 முதல் 150 யார்டு. சுத்திகரித்த கழிவுநீர்ப் பாசனம். பக்கத்தில் ஒரு பட்டிங் கிரீன். வாசலில் ஒரு 8 அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் வாடகைக்குக் கிடைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிட்டு டியூஷனுக்குப் போகலாம்.