சகித்துக்கொள்ளவும் மாட்டார்

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் மாணவர்களுக்கான கௌரவ விதி ஒரே வரிதான். கேடட் பொய் சொல்ல மாட்டார், ஏமாற்ற மாட்டார், திருட மாட்டார், அப்படிச் செய்கிறவர்களைச் சகித்துக்கொள்ளவும் மாட்டார். முதல் மூன்றும் எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் இருக்கும். நாலாவதுதான் என்னைப் பல வருடமாக உறுத்துகிறது.

நம் ஊரில் அதற்குப் பெயர் காட்டிக்கொடுப்பது. எட்டப்பன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். எங்கள் ஹாஸ்டலில் ஒருவன், செமஸ்டர் கேள்வித்தாள் முன்னாலேயே வெளியே வந்துவிட்டதைத் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னான். தேர்வு ரத்தானது. அப்புறம் மெஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் தட்டு வைக்கவில்லை. அவன் செய்தது சரி என்று தெரிந்தே நானும் எழுந்து வேறு மேஜைக்குப் போனேன். அவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதனால்தான் ஜேம்ஸ் பெலோசியின் கதையைப் படித்தபோது என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. நேரம் முடிந்த பிறகும் விடை எழுதினார் என்று 1971-ல் வெஸ்ட் பாயின்ட் மாணவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. விசாரணையில் மேலதிகாரியின் தலையீடு இருந்ததால் அந்த முடிவு செல்லாமல் போனது. சக மாணவர்கள் விடவில்லை. 'சைலன்ஸ்' என்று ஒரு பழைய வழக்கம் அங்கே இருந்தது. 19 மாதம் அவரோடு யாரும் பேசவில்லை. பத்துப் பேர் உட்காரும் மேஜையில் தனியாகச் சாப்பிட்டார். 1973-ல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார், அதே வருடம் அந்த வழக்கமும் கைவிடப்பட்டது. அங்கே ஒதுக்கப்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவர். எங்கள் ஹாஸ்டலில் குற்றத்தைச் சொன்னவன். கூட்டம் சேர்ந்து ஒருவனைத் தனியே உட்காரவைப்பதை ஒழுக்கம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

1976-ல் நடந்தது இன்னும் பெரிது. எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் பாடத்தில், அறைக்கு எடுத்துப்போய்த் தனியாக எழுத வேண்டிய தேர்வு. கூடிப் பேசி எழுதியதாகச் சிக்கி 150-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற நேர்ந்தது. அப்போலோ 8 விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையிலான குழு, இதில் அகாடமிக்கும் பொறுப்பு உண்டு என்று சொன்னது. அதுவரை விதியை மீறினால் வெளியேற்றம் ஒன்றுதான் தண்டனை. வாயைத் திறந்தால் நண்பனின் வாழ்க்கையே போய்விடும் என்றால் இருபது வயதில் எவன் வாயைத் திறப்பான்? பிறகு அவர்களில் பலர் திரும்பி வந்து பட்டம் பெற அனுமதித்தார்கள். அது சரியான முடிவு.

சரி, தண்டனையை இளக்கினால் போதுமா? போதாது. 2020-ல் கொரோனா காலத்துக் கால்குலஸ் தேர்வில் 73 பேர் மேல் குற்றச்சாட்டு வந்தது. ஒரே மாதிரித் தவறுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் ஆசிரியர்கள், கூடப் படித்தவர்கள் அல்ல. ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் முதலில் அவரிடமே போய் விளக்கம் கேட்க வேண்டும் என்று அங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. நாலாவது விதியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேலே போய்ச் சொல்வதைவிட நண்பனின் முகத்துக்கு நேரே கேட்பது கடினம். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

காப்பி அடித்ததற்கா இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாலாவது விதி முறைப்படி எழுத்தில் சேர்ந்தது 1970-ல். அதே வருடம் மார்ச்சில், அந்த அகாடமியின் தலைவராக இருந்த மேஜர் ஜெனரல் சாமுவேல் கோஸ்டர் பதவி விலகினார். 1968-ல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அவருடைய டிவிஷனைச் சேர்ந்த வீரர்கள் நூற்றுக்கணக்கான கிராமத்தாரைக் கொன்றதை மறைத்தார் என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. வழக்கு தள்ளுபடியானது. ஆனால் ராணுவம் அவருடைய பதவியை ஒரு படி இறக்கியது. அவரும் வெஸ்ட் பாயின்ட் மாணவர்தான்.

அதே மை லாயில், ஹெலிகாப்டரைக் கீழே இறக்கி, சொந்த நாட்டு வீரர்களுக்கும் கிராமத்தாருக்கும் நடுவில் நிறுத்தியவர் அமெரிக்க ராணுவ விமானி ஹியூ தாம்ப்சன். அவர் வெஸ்ட் பாயின்டில் படிக்கவில்லை. அன்றைக்கே மேலதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். அப்புறம் அவருக்குப் போனில் கொலை மிரட்டல்கள் வந்தன. வாசலில் செத்த விலங்குகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். ராணுவம் அவரைக் கூப்பிட்டு சோல்ஜர்ஸ் மெடல் கொடுத்தபோது 1998 ஆகிவிட்டது.